பாட்டும் பாடும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் வீதிகளில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் திருப்பாவை, இருட்டிவிட்டால் கிறிஸ்துமஸ் கீதம். கையில் விளக்கும் தோளில் கிதாருமாக ஒரு கோஷ்டி தெருமுனையில் வந்து நின்று பாடுகிறது. கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலும் பள்ளிக்கூடத்தில் கற்றுவந்த ‘சைலண்ட் நைட்’ பாட்டைக் குழந்தைகள் முணுமுணுக்கிறார்கள். நாமும் ஜன்னலைத் திறந்து கேட்டு, “எத்தனை இனிமை!” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருக்கும் தோசைக்கல்லைக் கவனிக்கப் போய்விடுகிறோம்.

இனிமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இனிமை ஒன்றுக்காகவே பிறந்த பாட்டுகளா இவை? விடை தெரிய வேண்டுமானால், சகோதரிகளே, பழவேற்காடு வரை கொஞ்சம் வந்துவிட்டுப் போகலாம்.

ஏரிக்கரைக் குப்பங்கள்

சென்னைக்கு வடக்கே சுமார் முப்பத்தைந்து மைல் தூரம். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். அதற்கு முன்பே வந்துவிட்டவர்கள் போர்த்துக்கீசியர்கள். மகிமை மாதா கோயில் 1515-ல் தோன்றியதாகச் சொல்வார்கள். பெருமாள் கோயிலும் பள்ளிவாசலும் ஊருக்குள் உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் மீனவர் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து முகத்துவாரம் திறந்துகொள்ளும். மார்கழிக்குள் பூநாரைகளும் வந்து சேர்ந்துவிடும்.

ஏரியில் வலை போடுவதற்கு இந்தக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஓர் ஏற்பாடு உண்டு. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். முறையில் இடம் கிடைக்காதவர்களின் மனக்குறையும் இல்லாமல் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘பாடு’.

அழகான சொல் அல்லவா? ‘பாடு’ என்றால் பாட்டுப் பாடு என்று அர்த்தம். உழைப்புக்கும் கஷ்டத்துக்கும் அதே சொல்தான். பாடுபடாமல் சோறு ஏது? இயேசு பட்ட துன்பங்களையும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘பாடுகள்’ என்றே சொல்கிறார்கள். ஒரே சொல்லில் தொழிலும் துன்பமும் பாட்டும் அடங்கிவிட்டன. கிறிஸ்துமஸ் கீதங்களும் இந்தச் சொல்லைப் போலத்தான்.

அவற்றில் பல, உண்மையில் தாலாட்டுகள். தாலாட்டு என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழந்தையைத் தூங்கச் சொல்லித்தான் தாய் பாடத் தொடங்குகிறாள். பாதிப் பாட்டில், ஊருக்குப் போன கணவன் திரும்பாததும், பிறந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்காததும் வந்துவிடுகின்றன. குழந்தைக்குக் கேட்பது ராகம். அர்த்தம் அவளுக்கு மட்டும். கணவன் தண்ணீரின் மேல் இருக்கும் இரவில், காற்றின் சத்தத்துக்கு ஒரு காதையும் தொட்டிலுக்கு ஒரு காதையும் கொடுத்திருக்கும் குப்பத்துத் தாய்க்கு இது நன்றாகத் தெரியும்.

உப்புப் படகுக்காரர்களின் ஊர்

‘சைலண்ட் நைட்’ பாட்டும் படகுக்காரர்கள் நடுவே முதலில் ஒலித்ததுதான். ஆஸ்திரியாவில் ஸால்ஸாக் என்ற நதிக்கரையில் ஓபர்ண்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். நதியில் உப்பு ஏற்றிச் செல்லும் படகுகளை நம்பிப் பிழைத்த ஊர் அது. மாதா கோயிலும் படகோட்டிகளின் காவலரான புனித நிக்கோலாஸின் பெயரில்தான் இருந்தது.

பாட்டை எழுதிய ஜோசப் மோர் ஓர் இளம் பாதிரியார். தாய், பின்னல் வேலை செய்து பிழைத்தவள். தகப்பன் ஒரு போர்வீரன். மகன் பிறக்கும் முன்பே விட்டுவிட்டுப் போய்விட்டான். தகப்பன் இல்லாத பிள்ளை என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவர்தான், தாயும் சேயும் தனித்திருந்த ஒரு ராத்திரியைப் பற்றிப் பாட்டு எழுதினார்.

அவர் எழுதிய வருஷம் 1816. நெப்போலியன் யுத்தங்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. முந்தின வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி வானத்தை மூடியதால் ஐரோப்பாவில் 1816-ல் கோடை காலமே வரவில்லை. பயிர்கள் கருகின, பஞ்சம் வந்தது. அதே வருஷம் நதியின் நடுவே எல்லைக்கோடும் விழுந்தது. ஒரே ஊராக இருந்தது, இக்கரை ஆஸ்திரியா, அக்கரை பவேரியா என்று இரண்டாயிற்று. இந்த வேதனை பழவேற்காட்டுக்குப் புரியும். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது ஏரியும் பங்காகி, பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. வலைக்கு எல்லை தெரியுமா, மீனுக்குத்தான் தெரியுமா?

1818 டிசம்பர் 24 இரவு, பள்ளி ஆசிரியர் ஃப்ரான்ஸ் க்ரூபர் மெட்டமைக்க, இருவரும் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடினார்கள். பக்கவாத்தியம் ஒரு கிதார் மட்டுமே. ஆர்கனை எலி கடித்துவிட்டது என்பதெல்லாம் பிற்காலத்தார் கட்டிவிட்ட கதை. கேட்டவர்களோ பசியையும் யுத்தத்தையும் கண்டு வந்தவர்கள். அவர்களிடம் போய் ‘அமைதி’ என்று பாடியது, இருப்பதை வர்ணிப்பதற்காகவா? இல்லாத ஒன்றைக் கேட்டு ஏங்கிய பாட்டல்லவா அது!

கம்சனும் ஏரோதும்

இன்னொரு பாட்டைக் கேளுங்கள். இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற நகரம். அங்கே கம்பளித் தொழிலாளரும் தையற்காரரும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு வேத நாடகம் நடத்துவார்கள். அதில் வரும் தாலாட்டுக்கு ‘கவென்ட்ரி கேரல்’ என்று பெயர். 1534-ல் அதன் வரிகளை ஒருவர் எழுதி வைத்தார். இதைப் பாடுகிறவள் மரியாள் அல்ல. பெத்லகேம் ஊரின் மற்றத் தாய்மார்கள். புதிய ராஜா பிறந்துவிட்டான் என்று பயந்த ஏரோது மன்னன், ஊரிலுள்ள ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டான். குழந்தை அழுதால் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தூங்கச் சொல்லிப் பாடுகிறார்கள்.

கம்சனின் சிறையையும், நள்ளிரவில் பிறந்த கண்ணனையும் அறிந்த நமக்கு இந்தத் தாலாட்டு அந்நியமாகுமா? 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் கவென்ட்ரியைக் குண்டு போட்டு அழித்தன. அந்த வருஷக் கிறிஸ்துமஸின்போது, இடிந்துபோன தேவாலயத்திலிருந்து இதே பாட்டுதான் வானொலியில் ஒலித்தது.

பழவேற்காட்டு டிசம்பர்கள்

ஏரிக்கரைக்கே திரும்பிவிடுவோம். பழவேற்காட்டுக்கு டிசம்பர் என்றால் பூநாரையும் பண்டிகையும் மட்டுமல்ல. 2004-ல் கிறிஸ்துமஸ் பாட்டு ஓய்ந்த மறுநாள் காலையில்தான் சுனாமி வந்தது. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து எழும்பிய அலை, இந்தக் குப்பங்களையும் விட்டுவைக்கவில்லை. படகும் வலையும் போயின, உயிர்களும் போயின. 2011-ல் கிறிஸ்துமஸ் தினத்தன்றே, குடும்பமாக உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அதன் பிறகும் ஒவ்வொரு டிசம்பரிலும் மாதா கோயிலில் மணி அடிக்கிறது, பாட்டு எழுகிறது. துக்கத்தை மறந்துவிட்டார்கள் என்பதல்ல. மறக்க வேண்டும் என்று அந்தப் பாட்டுகள் யாரிடமும் கேட்பதும் இல்லை. அழுகையை மடியில் வைத்துக்கொண்டே தொட்டிலை ஆட்டலாம் என்றுதான் அவை சொல்கின்றன. நற்செய்தி அரண்மனைக்கு முதலில் போகவில்லை. ராத்திரியில் கண்விழித்து ஆடு காத்துக்கொண்டிருந்த ஏழைகளிடம்தான் வந்தது என்கிறது வேதம். இரவில் ஏரியில் வலை காத்து நிற்பவனுக்கு இதைவிட நெருங்கிய செய்தி உண்டா?

இந்த வருஷமும் உங்கள் தெருவுக்குப் பாட்டுக் கோஷ்டி வரும். முதல் சரணம் முடிந்ததும் ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். மோர் பாதிரியார் எழுதியது ஆறு சரணங்கள். வழக்கத்தில் பாடப்படுபவை மூன்றுதான். அந்த மூன்றையாவது முழுவதும் கேளுங்கள். ராகத்துக்குள்ளே ஒரு தாயின் குரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். தோசை ஒன்று கருகினால் கருகட்டும், இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம்.