மெய்யாட்டமும் நிழலாட்டமும்

விளையாட்டு உடலுக்கு உரம் ஊட்டுவது. உள்ளத்திற்கு உவகை தருவது. ஆட்டம் முடிந்து, கூட்டம் கலைந்து, களம் வெறுமையான பின்னும் அழியாது நிற்பவை எண்களே. அவ்வெண்களைப் போற்றிக் காப்பதில் அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்திற்கு இணையான ஆட்டம் அரிது எனலாம். அந்நாட்டில், களத்தில் நிகழ்ந்த ஆட்டத்தின் எண்களை அடிப்படையாகக் கொண்டு, மட்டையும் பந்தும் இன்றியே ஆடப்பெறும் வேறோர் ஆட்டமும் வளர்ந்துள்ளது. முன்னதை மெய்யாட்டம் என்றும், பின்னதை நிழலாட்டம் என்றும் ஈண்டு வழங்குவோம். இவ்விரண்டின் கணக்குகளையும் ஒப்பிட்டு நோக்கினால், அறியத்தக்க உண்மை ஒன்று புலனாகும்.

பேஸ்பால் ஆட்டத்தில் இரு கட்சியினர் எதிர்நின்று ஆடுவர். ஆயினும், அதன் ஒவ்வொரு நிகழ்ச்சியும் பந்தெறிவோன் ஒருவனுக்கும் மட்டையாளன் ஒருவனுக்கும் இடையே தொடங்கும் தனிப்போரே ஆகும். ஆதலின், ஒவ்வொருவன் செயலையும் தனித்தனியே எண்ணிக் குறித்தல் எளிது. இங்கிலாந்தில் 1824-ஆம் ஆண்டில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறிய ஹென்றி சாட்விக் என்னும் இதழாளர் இக்குறிப்பு முறையைச் செப்பம் செய்து பரப்பினார்.

மட்டையாளன் பந்தை அடித்து, எதிர்க்கட்சியின் பிழையாலன்றித் தன் அடியின் திறத்தாலேயே முதல் தளத்தையேனும் அடைவானாயின், அது நல்லடி எனப்படும். நல்லடிகளின் தொகையை, அவன் மட்டை பிடித்த முறைகளின் தொகையால் வகுத்தால் அடிச் சராசரி கிடைக்கும். 1941-ஆம் ஆண்டில் டெட் வில்லியம்ஸ் என்பவர் 456 முறை மட்டை பிடித்து 185 நல்லடிகள் அடித்தார். அவர் சராசரி 0.406. பத்து முறைக்கு மூன்று நல்லடி அடிப்பவனே சிறந்தவன் எனப் போற்றப்படும் அவ்வாட்டத்தில் இஃது அருஞ்செயல் அன்றோ!

அதே 1941-ஆம் ஆண்டில், முன்னர்ப் பேஸ்பால் வீரராய் விளங்கிய ஈத்தன் ஆலன் என்பார் அமைத்த நிழலாட்டம் ஒன்று வெளிவந்தது. அதில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு வட்டத்தகடு உண்டு. சுழலும் முள் அதில் எங்கு நிற்கிறதோ அதுவே அடியின் முடிவு. 1961-ஆம் ஆண்டில் ஹால் ரிச்மன் என்பார் ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். அதில் வீரன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை உண்டு. பகடை மூன்றினை உருட்டுவர். ஒரு பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளன் அட்டையையும், 4, 5, 6 விழுந்தால் எறிவோன் அட்டையையும் பார்ப்பர். மற்றை இரண்டின் கூட்டுத்தொகை, முடிவு எழுதப்பட்ட வரியைக் காட்டும். பிற்காலத்தில் இவ்வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் மெய்யாட்டப் பருவம் சூலைத் திங்கள் வரையில் தொடங்காது நின்றபோது, அந்நிறுவனம் அப்பருவத்தின் ஆட்டங்களை நாள்தோறும் கணிப்பொறியில் நிகழ்த்தி முடிவுகளை வெளியிட்டது.

அட்டையில் எண்ணைப் பொறிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு தொடரின் பொதுச் சராசரி 0.250 என்று கொள்க. அதில் ஒருவன் 0.300 அடித்தான். பாதி முடிவுகள் எறிவோர் அட்டைகளிலிருந்து வருவன. அவற்றின் பொதுநிலை 0.250. ஆகவே, அவனது அட்டையில் 0.350 அளவிற்கு நல்லடிகளைப் பொறிப்பர். இரண்டிற்கும் நடுவான அளவு 0.300 ஆகிறது.

இனி, இருவகைக் கணக்குகளையும் ஒப்பிடுவோம். முதற்கண் நோக்கத்தக்கது தொடர் முழுவதன் கூட்டுத்தொகை. அமெரிக்கப் பெருந்தொடரின் முழுப் பருவம் ஒன்றில் மட்டை பிடிக்கும் முறைகள் 1,60,000-க்கும் மேற்படும். இத்துணைப் பெருந்தொகையில் தற்செயலின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எனவே, நிழலாட்டத்தின் பொதுச் சராசரி மெய்யாட்டத்தின் சராசரியோடு ஏறத்தாழப் பொருந்துதல் வேண்டும். பொருந்தாவிடின் அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். தேர்ந்த எறிவோரை மட்டுமே பொறுக்கி ஒரு தொடர் அமைத்தார்கள் எனக் கொள்வோம். அவர்கள் அட்டைகளின் அளவு 0.190 ஆயின், முன்னர்க் கூறிய 0.300 வீரன் 0.270 அளவிற்கே அடிப்பான். மெய்யாட்டத்தில் சில நாளே களம் புகுந்து மிகுதியாக அடித்த ஒருவனை, நிழலாட்டத்தில் பருவம் முழுவதும் ஆடச் செய்தாலும் கணக்குப் பிறழும். இவை அட்டையின் குற்றம் அல்ல. ஆட்டத்தை அமைத்தவரின் குற்றமே.

அடுத்து நோக்கத்தக்கது தனிவீரன் கணக்கு. இங்கே பலரும் மயங்குவர். 0.300 அடித்த வீரன் நிழலாட்டத்தில் 0.275 அடித்தால், நிழலாட்டம் பொய்த்தது என்பர். அது பொருந்தாது. 0.300 திறமுடையவன் 500 முறை மட்டை பிடித்தால் எதிர்பார்க்கத்தக்கவை 150 நல்லடிகள். ஆயினும், நிகழ்தகவுக் கணக்கின்படி, மூன்று பருவங்களுள் ஏறத்தாழ இரண்டில்தான் அவன் 140 முதல் 160 வரை அடிப்பான். எஞ்சியதில் அவ்வெல்லைக்கு வெளியே செல்வான். எல்லாப் பருவங்களிலும் சரியாக 150 அடிக்கச் செய்யும் நிழலாட்டமே மெய்யினின்றும் விலகியதாகும்.

இதனினும் ஆழ்ந்த உண்மை ஒன்று உண்டு. நிழலாட்டத்தில் பகடை விளையாடுகிறது என்று அறிகின்றோம். மெய்யாட்டத்திலோ நன்கு அடித்த பந்து காவலாளன் கைக்கு நேரே செல்வதும், தவறி அடித்த பந்து இடைவெளியில் விழுவதும் உண்டு. அங்கும் கண்ணுக்குத் தெரியாத பகடை ஒன்று உருள்கிறது. ஒத்த திறமுடைய இருபதின்மர் ஒரு பருவம் ஆடினால், அவர்களுள் முதல்வன் 170 நல்லடிகளையும் கடைசியானவன் 130 நல்லடிகளையும் நெருங்கி நிற்றல் இயல்பே. முன்னவனை வீரன் என்று புகழ்வதும் பின்னவனை விலக்குவதும் நீதியாகுமா?

2020-ஆம் ஆண்டின் மெய்யாட்டப் பருவம் 60 ஆட்டங்களாகக் குறுகியது. அதில் டி. ஜே. லெமேஹியு என்பவர் 195 முறை மட்டை பிடித்து 71 நல்லடிகள் அடித்தார், சராசரி 0.364. அவர் சிறந்த வீரர் என்பதில் ஐயம் இல்லை. முந்திய ஆண்டில் 0.327 அடித்தவர். ஆனால், 2021-ஆம் ஆண்டின் முழுப் பருவத்தில் அவர் சராசரி 0.268. உடல்நிலை, வயது முதலிய காரணங்களும் இதில் கலந்திருக்கலாம். எனினும், குறுகிய பருவத்தின் எண்ணை மட்டும் கண்டு ஒருவர் திறத்தை அறுதியிடுதல் கூடாது என்பது தெளிவு.

ஜோ டிமாஜியோ 1941-ஆம் ஆண்டில் இடையறாது 56 ஆட்டங்களில் நல்லடி அடித்தார். 2008-ஆம் ஆண்டில் சாமுவேல் ஆர்பெஸ்மன், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் பேஸ்பால் வரலாறு முழுவதையும் கணிப்பொறியில் 10,000 முறை நிகழ்த்திப் பார்த்தனர். ஒவ்வொரு வரலாற்றிலும் தோன்றிய மிக நீண்ட தொடர்ச்சி 39 ஆட்டம் முதல் 109 ஆட்டம் வரை இருந்தது. நூற்றுக்கு 42 வரலாறுகளில் எவரேனும் ஒருவர் 56-ஐ எட்டினார் அல்லது விஞ்சினார். எவராலும் இயலாதது எனக் கருதப்பட்ட செயல், எவரேனும் ஒருவருக்கு வாய்க்கக் கூடியதே என்று இதனால் விளங்கிற்று. ஆனால், திறமற்றவன் எவனுக்கும் அது வாய்த்திராது. ஆதலின் டிமாஜியோவின் புகழ் குன்றவில்லை.

நிழலாட்டம் அறியாதனவும் உள. காயத்தின் நோவு, பயிற்சியால் பெறும் தேர்ச்சி, மூப்பின் தளர்ச்சி ஆகியவற்றை அட்டை அறியாது. சென்ற பருவத்தில் நின்ற இடத்திலேயே அது நிற்கும். மனிதனோ வளர்வான், தளர்வான், மீண்டும் எழுவான். ஆயினும், மெய்யாட்டம் ஒருமுறையே நிகழ்வது. நிழலாட்டத்தைப் பன்முறை நிகழ்த்தலாம். அதனால், எண்ணில் திறத்தின் பங்கு எவ்வளவு, தற்செயலின் பங்கு எவ்வளவு என்று பகுத்தறிய அது துணை செய்கிறது.

ஒரு பருவத்தின் எண் ஒருவனுடைய செயலுக்குச் சான்று. அவன் திறத்திற்கு முடிந்த தீர்ப்பு அன்று. தேர்வு ஒன்றில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு தம்மை மிகுத்தோ பிறரை இகழ்ந்தோ பேசுவார்க்கும் இது பொருந்தும். பல பருவங்களின் பயனை ஒருங்கு நோக்கி, ஆய்ந்து மதித்தலே அறிவுடையோர் செயலாகும்.