வீட்டுக் கிணறு இருக்க விலைத் தண்ணீர் ஏன்?

குன்றாண்டார்கோவில் குடைவரையிலே பல்லவர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கொடுத்த கொடையைக் கல்லிலே வெட்டி, ஊரார் காண வைத்தனர். இன்றோ நம் வரவும் வரியும் கணினிக்குள்ளே புகுந்துவிட்டன. புகட்டும், வரவேற்போம்! ஆனால், அந்தக் கணக்கை எழுத எந்த மென்பொருள் மலிவு, எவன் தள்ளுபடி தருகிறான் என்று தேடி அலைகிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: வீட்டிலே கிணறு இருக்க, விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குவானேன்?

வருமான வரித் துறையின் இணையத் தளத்திலேயே கணக்கைத் தாக்கல் செய்யலாம். 2021 ஜூன் 7-இல் புது வடிவம் பெற்ற தளம் அது. கட்டணம் காலணாவும் கிடையாது. கணினியில் இறக்கிக்கொண்டு எழுதும் மென்பொருளும் அங்கே இனாம். சம்பளம், வங்கி வட்டி, பிடித்த வரி ஆகியவற்றில் துறைக்கு எட்டியவை முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகின்றன. சரிபார்ப்பதும், விட்டதைச் சேர்ப்பதும், ஆதார் வழி உறுதி செய்வதுமே நம் வேலை.

"எங்களுக்கு ஏது வரி? நாங்கள் என்ன மிட்டா மிராசுகளா?" என்பீர்கள். பொறுங்கள்! ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். ஓய்வூதியம் ஆண்டுக்கு 4 லட்சம். ஆயுள் முழுதும் சேர்த்ததை வங்கியிலே போட்டதற்கு வட்டி 1,20,000. 2025–26 நிதியாண்டு விதிப்படி, மூத்த குடிமக்களின் வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால், உறுதிமொழிப் படிவம் தராதவரிடம் 10 விழுக்காடு பிடிப்பார்கள். போயிற்று 12,000 ரூபாய்! அதே ஆண்டு, புதிய வரி முறையிலே, இத்தகைய வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லை. வரி கட்ட வேண்டாதவரின் பணம் சர்க்கார் பெட்டியிலே! கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பும். வாளாவிருந்தால் வாராது.

இந்த இடத்திலேதான் நுழைகிறார் இடைத்தரகர். "இன்னும் கூடுதலாகவே வாங்கித் தருகிறேன், வருவதிலே பங்கு கொடு" என்கிறார். கொடுக்காத நன்கொடையைக் கொடுத்ததாக எழுதுகிறார், கட்டாத வாடகையைக் கட்டியதாகக் காட்டுகிறார். விளைவு என்ன? 2025 ஜூலை 14-இல் வரித் துறை நாடெங்கும் 150 இடங்களிலே சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருந்தனர். பங்கு வாங்கியவர் வேறு ஊர் போய்விடுவார். நோட்டீஸ் வருவது நம் வீட்டு வாசலுக்கு!

அமெரிக்காவைப் பாருங்கள். "இலவசம், இலவசம்" என்று முழங்கிற்று டர்போடாக்ஸ் மென்பொருள். இலவசமாக முடிக்க வேண்டிய ஏழை எளியோர் பணம் கட்டும் பக்கம் திருப்பப்பட்டனர் என்று மாநிலங்கள் வழக்காடின. அதன் உரிமையாளரான இன்ட்யூட் நிறுவனம் 2022 மே மாதம் 14 கோடியே 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பிறகு 2024-இல் அரசே 12 மாநிலங்களில் நேரடி இலவசத் தாக்கலைத் தொடங்கிற்று. அதுவும் 2026-க்கு இல்லை என்று நிறுத்தப்பட்டது. டாலர் நாட்டான் இழந்ததை நாம் வைத்திருக்கிறோம், பயன்படுத்தத்தான் மறக்கிறோம்!

கடை வைத்திருப்போருக்கும் பங்குச் சந்தைக்காரருக்கும் கணக்குச் சிக்கல்தான். அவர்கள் ஆடிட்டரையோ நல்ல மென்பொருளையோ நாடட்டும். ஆனால் விலை கேட்கும்போதே மூன்று கேள்வி கேட்கட்டும்: கடைசிப் பக்கத்தில் மொத்தம் எவ்வளவு? ஆண்டுதோறும் கட்ட வேண்டுமா? நீ கடையைக் கட்டினால் என் கணக்கு என்னிடம் வருமா? இன்ட்யூட் நடத்திய 'மின்ட்' என்ற இலவச வரவுசெலவுச் செயலி 2024 மார்ச்சில் மூடப்பட்டதே, நினைவிருக்கட்டும்!

இனாமாக ஒன்றை வைத்துவிட்டால் மட்டும் அரசின் கடமை முடிந்ததா? இல்லை! ஆங்கிலப் படிவத்தைக் கண்டு அஞ்சுபவர்தான் தரகரிடம் போகிறார். ஆகவே குன்றாண்டார்கோவில் ஒன்றிய அலுவலகத்திலும், இதுபோன்ற ஒன்றியங்கள் அனைத்திலும், ஜூலை மாதம் முழுதும் தமிழிலே விளக்கிச் சொல்ல ஒரு மேசையும் ஓர் ஆளும் வேண்டும். அது வரும்வரை, படித்த இளைஞர்களே, தெருவுக்கு ஒரு முதியவரின் கணக்கையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். கூலி கேளாதீர்கள். கடவுச்சொல்லை அவரே வைத்துக்கொள்ளட்டும்!