பழைய காரின் பின் அச்சு: வண்டில், பெட்டி செய்வோர் கவனத்துக்கு

ஓடி முடிந்த கார் ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது அதில் பெறுமதியாக எஞ்சியிருப்பது எது என்று கேட்டால் பலரும் எஞ்சினைத்தான் காட்டுவார்கள். தோட்டக்காரருக்கு அந்த எஞ்சினால் பயன் குறைவு. அவருக்கு வேண்டியது காரின் அடியில் துருவும் சேறுமாகக் கிடக்கும் பின் அச்சு. கராஜ்காரர் இதை அக்சில் என்பார்கள். இரண்டு சில்லு, இரண்டு பிறேக், அவற்றை இணைக்கும் உறுதியான இரும்புக் குழாய் என்று ஒரு வண்டிலின் பாதி வேலை அதில் ஏற்கனவே முடிந்திருக்கிறது. மேலே சட்டமும் பலகையும் வைத்தால் லான்ட்மாஸ்டர் பெட்டி. ஏர்க்காலும் நுகமும் பொருத்தினால் மாட்டு வண்டில்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய யோசனை அல்ல. அரசாங்க உத்தியோகத்தரும் மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்துடன் திரும்பியவர்களும் வாங்கிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இங்கே ஏராளம். 1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுக்கப்பட்டது. அதன்பின் பழைய காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவது பழக்கமாகிவிட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது அந்தப் பழக்கம் குடாநாட்டையே காப்பாற்றியது எனலாம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சில துளி பெற்றோலில் எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். (சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் அதே காலந்தான்.) ஓட முடியாமல் நின்றுபோன கார்கள் மற்றக் கார்களுக்கும் வண்டில்களுக்கும் பாகங்களாயின. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது, முதியவர்களையும் மூட்டைகளையும் சுமந்தவற்றில் லான்ட்மாஸ்டர் பெட்டிகளும் மாட்டு வண்டில்களும் இருந்தன.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய பாகங்களின் மதிப்பைப் பலரும் திரும்ப அறிந்துகொண்டார்கள். ஆனால் பழைய அச்சை எடுத்துப் பெட்டி செய்யும்போது நடக்கும் ஒரு வேலை ஆபத்தானது. அதைப் பற்றி எழுதவே இக்கட்டுரை.

டிபரன்சியலைக் கழற்றி விற்க வேண்டாம்

அச்சின் நடுவே பானை போல் உப்பியிருக்கும் பகுதிக்குள் கிறவுண், பினியன் என்ற பற்சில்லுகளும் டிபரன்சியலும் இருக்கின்றன. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை இரு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது அவற்றின் வேலை. பெட்டிக்கு எஞ்சின் தொடர்பு இல்லைத்தானே, இவை எதற்கு என்று கழற்றி வேறாக விற்பது வழக்கம். பாரமும் குறையும், கையில் காசும் வரும்.

இங்கேதான் பிழை. கார்களில் பெரும்பாலும் இருப்பது, சில்லுப் பக்கத்தில் ஒரேயொரு பெயாரிங்கில் தங்கிய ஷாப்ட். அந்த ஷாப்டின் உள் முனை டிபரன்சியலின் பற்சில்லுக்குள் செருகப்பட்டு அங்கே தாங்கப்படுகிறது. ஒரு கம்பை இரு கைகளால் பிடிப்பது போன்ற ஏற்பாடு இது. டிபரன்சியலை எடுத்தால் ஒரு கை போய்விடும். சில்லு ஆடத் தொடங்கும், பெயாரிங் தேயும், ஒருநாள் பாரத்தோடு போகையில் ஷாப்ட் முறியலாம். சில வகை அச்சுகளில் ஷாப்டை வெளியே வராமல் பிடித்திருக்கும் பூட்டே டிபரன்சியலுக்குள்தான் இருக்கிறது. அதை எடுத்தால் சில்லு ஷாப்டுடன் கழன்று றோட்டில் உருளும். பெட்டியின் மேல் வெங்காயம் மட்டும் இருந்தால் நட்டம் காசோடு போகும். கூலிக்குப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் ஏறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோமே.

ஆகவே டிபரன்சியல் உள்ளே இருக்கட்டும், ஒயிலும் இருக்கட்டும். இன்னொன்று, பெட்டி ஓடும்போது பினியனின் முகப்பும் சுற்றும். சில்லு ஒரு சுற்றுச் சுற்ற அது ஏறக்குறைய நான்கு சுற்றுச் சுற்றும். வைக்கோலோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால் விபரீதம். தகரத்தால் ஒரு மூடி செய்து பூட்டுவது சிறு வேலைதான்.

பெரிய லொறிகளின் பின் அச்சு வேறு விதமானது. அதில் சில்லுக்குடம் இரு பெயாரிங்குகளில் குழாயின் மேலேயே நிற்கிறது. ஷாப்டை உருவி எடுத்தாலும் சில்லு நிற்கும். ஆனால் லான்ட்மாஸ்டர் இழுக்க அது தேவைக்கு மீறிய பாரம். முன்சில்லு இழுக்கும் புதிய கார்களின் பின் அச்சில் டிபரன்சியலே கிடையாது. பெட்டிக்கு அது வசதி, ஆனால் பழைய அச்சுகளின் உறுதியை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

வாங்குமுன்

கடையில் கிடக்கும் அச்சை நிறுத்து விலை சொல்வார்கள். நிறையைப் பார்க்க முன் வேறு சிலவற்றைப் பாருங்கள். ஒயில் அடைப்பைத் திறந்து விரலை விடுங்கள். கறுத்த ஒயில் நல்லது. பால் கலந்த கோப்பி போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளித் தூள் மினுங்கினால் பற்கள் தேய்ந்துவிட்டன. தீவகத்திலோ கரையோரத்திலோ நின்ற வாகனமானால் உப்புக்காற்று பட்டிருக்கும். குழாயின் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மேலே பூசிய புதுப் பெயின்ற் எதையும் நிரூபிக்காது.

சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பெயாரிங் செலவும் உங்களுடையது. பிறகு சில்லைச் சுழற்றி, அதன் விளிம்புக்கு அருகே ஒரு குச்சியை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் றிம்மோ ஷாப்டோ வளைந்திருக்கிறது. றிம்மை மாற்றலாம், வளைந்த ஷாப்டை வாங்காதீர்கள். குழாயில் பழைய ஒட்டு இருந்தாலும் வேண்டாம்.

அகலத்தையும் அளக்க வேண்டும். எங்கள் ஒழுங்கைகள் இரு பக்கமும் வேலியும் மதிலுமாக ஒடுங்கியவை. வானின் அச்சில் செய்த பெட்டி சில வளவுகளுக்குள் திரும்பாது. சில்லுப் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் காருக்குக் கார் வேறு. அதே றிம் ஒன்று மேலதிகமாகக் கிடைத்தால் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பின் அச்சில் கைபிறேக்கின் கம்பி வேலை செய்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். பெட்டிக்கு ஒயில் பிறேக் பூட்டுவது சிரமம். கைபிறேக் கம்பியை மிதியோடு இணைத்தால் இரு சில்லும் பிடிக்கும். முன் அச்சை விடப் பின் அச்சை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழற்றும்போது

காரிலிருந்து நீங்களே கழற்றுவதானால் முதல்நாளே நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். சில்லு நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளை இளக்க வேண்டும். சில வாகனங்களில் இடப்பக்க நட்டு எதிர்ப்பக்கம் திரும்பும். அது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் போல்ட் போய்விடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பனங்குற்றிகளைச் சட்டத்தின் கீழ் வைத்துக் காரை அவற்றில் இறக்கிய பின்பே உள்ளே போங்கள். காஸ் வெட்டுபவரை அழைத்தால் முதலில் பெற்றோல் ராங்கியைக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் அது பின் அச்சுக்கு அருகில்தான் இருக்கும். வெறும் ராங்கிதானே என்று எண்ண வேண்டாம், உள்ளே நிற்கும் ஆவியே வெடிக்கும். பிறேக் ட்றம்மில் படிந்த தூளை வாயால் ஊதாமல் தண்ணீரால் கழுவுங்கள். பழைய பிறேக் பட்டிகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது.

வடித்த ஒயிலை வளவில் ஊற்ற வேண்டாம். நாம் இருப்பது சுண்ணக்கல்லின் மேல். மேலே ஊற்றுவது வெடிப்புகளினூடே கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2015 அளவில் குடாநாட்டை எப்படிக் கலக்கியது என்பது தெரிந்ததே. கானில் சேர்த்துக் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம்?

பழைய கார் ஒன்றின் எடை ஏறக்குறைய ஒரு தொன். நான்கைந்து பேர் ஏறினாலும் பின் அச்சில் விழுவது 700, 800 கிலோ அளவுதான். பெட்டியில் முன் அச்சு இல்லாததால் பாரத்தின் பெரும் பங்கை இந்த ஒற்றை அச்சே சுமக்கிறது. பெட்டியின் எடை 200 கிலோ என்று வைத்தால் 50 கிலோ உர மூட்டை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் ஏற்றுவது சரியல்ல. கல்லும் மணலும் ஏற்ற எண்ணுபவர்கள் கார் அச்சை விட்டு வேறு அச்சுத் தேட வேண்டும். காரின் வில்லுத் தகடுகளையும் கூடவே எடுத்துப் பூட்டினால் அச்சும் பிழைக்கும், சந்தைக்குப் போகும் வாழைக்குலையும் கன்றாது.

முதல்நாள் பாரத்துடன் ஓடியபின் சில்லு நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். பின்பக்கம் சிவப்பு ஒளிதெறிப்பான் இரண்டு பூட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சில்லுக்குடத்தில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் பயமில்லை. கை வைக்க முடியாத சூடென்றால் பிறேக் ஒட்டிப் பிடிக்கிறது, அல்லது பெயாரிங் போகப் போகிறது. மறுநாள் சந்தை என்றாலும் அன்றே கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.