பாட வேண்டாம் என்று சொன்னவள் நான்

கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்த சகோதரிகளுக்குத் தெரியும், வெயில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் எங்கள் முகாமில் இருந்த ராத்தா ஒருவர் பாடத் தொடங்குவார். எல்லாம் மன்னாரில் வானொலி கேட்டு மனதில் பதிந்த பழைய காதல் பாட்டுகள். பி. சுசீலா என்றால் அவருக்கு உயிர். சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் சுசீலாதான். 1968இல் வந்த 'உயர்ந்த மனிதன்' படப் பாட்டுக்காக. ராத்தா பாடினால் எங்களுக்கு முதுகுவலி மறந்துவிடும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறித்தான் கற்பிட்டிக் கரைக்கு வந்தோம். வீடும் காணியும் நகையும் போயின. ராத்தாவுக்கு அதற்கு முன்பே கணவரும் இல்லை. மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை.

1993 என்று நினைவு. ஒருநாள் தோட்டத்தில் நான்தான் அவரிடம் சொன்னேன்: "ராத்தா, புருஷன் மௌத்தான பொம்புள காதல் பாட்டுப் படிச்சா ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பாடவும் இல்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

2010 செப்டெம்பரில் பாடகி ஸ்வர்ணலதா 37 வயதில் காலமானார். 'கருத்தம்மா' படத்தில் பாடியதற்காக தேசிய விருது பெற்றவர் அவர். அன்று இரவு வானொலியில் அவருடைய பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலில் அழுகை நிறைந்திருந்தது. ஆனால் குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. நாம் அழுதால் தொண்டை அடைத்துவிடும், பாட வராது. பாட வேண்டுமானால் துக்கத்தை மூச்சில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் ராத்தா செய்ததும் அதுதானே? யாரிடமும் சொல்ல முடியாததை அவர் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரே வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

பிறகொரு முறை, புத்தளம் நகருக்கு அருகிலுள்ள சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளிப் பெண்கள் பாடக் கேட்டேன். போர்த்துக்கேயர் காலம் தொட்டு இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை அவர்கள். 'மஞ்சா' என்பது அவர்களுடைய பாட்டு. கரண்டி, போத்தல், சிரட்டை என்று வீட்டுச் சாமான்களையும் தாளத்துக்குத் தட்டுவார்கள். மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் பிடிக்கும். காதலும் அதில் உண்டு. அவர்களுடைய பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்று அன்றாடப் பேச்சில் இல்லை. வீட்டில் பேசுவது சிங்களம். ஆனாலும் பாட்டு நிற்கிறது. ஊரை இழந்து, மொழியை இழந்து, பாட்டை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்த நாளே ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். "அண்டைக்கு நான் சொன்னது பிழை ராத்தா, ஒரு பாட்டுப் படிங்களேன்" என்றேன். அவர் சிரித்தார். "சொல்லெல்லாம் மறந்து போச்சு புள்ள" என்றார். கொஞ்ச நேரம் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பின்பு சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனகினார். குரல் தடித்துப் போயிருந்தது. இரண்டாம் தடவை பாதிச் சொற்கள் வந்தன. பாட்டு முடிந்ததும், "அவருக்கு இந்தப் பாட்டு நல்ல விருப்பம்" என்றார். அத்தனை வருடங்களில் கணவரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அன்றுதான்.

சகோதரிகளே, போரும் இடப்பெயர்வும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவை ஏராளம். ஆனால் ராத்தாவின் பாட்டை எடுத்தது போர் அல்ல, நான்தான். உங்கள் பக்கத்தில் ஒருத்தி வேலையோடு வேலையாக ஏதாவது முனகினால், வாய் திறக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்.