முதுகெலும்பு உள்வைப்புக் கருவிகளின் வளர்ச்சி: உலோகத்தின் தாங்குதிறனும் எலும்பின் இணைவும்

ஆய்வுச் சுருக்கம்

முதுகெலும்பின் முறிவு, வளைவு, தேய்வு ஆகியவற்றைச் சீர்செய்ய உடலுக்குள் பொருத்தப்படும் உள்வைப்புக் கருவிகள் 1891 முதல் இன்றுவரை அடைந்த வளர்ச்சியை இக்கட்டுரை விளக்குகிறது. கம்பிக் கட்டு, ஹாரிங்டன் தண்டு, காம்புத் திருகாணி, இடைவட்டுக் கூடு, செயற்கை வட்டு, வளர்தண்டு ஆகியவை தோன்றிய சூழலும் செயல்படும் முறையும் எடுத்துரைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் முந்தையதன் தோல்வி ஒன்றைத் தீர்த்துப் புதிய சிக்கல் ஒன்றைத் தோற்றுவித்தது என்பதும், அச்சிக்கல் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆயின என்பதும், எனவே நீண்டகாலக் கண்காணிப்பைக் கண்டுபிடிப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: முள்ளெலும்பு, இடைவட்டு, உள்வைப்புக் கருவி, காம்புத் திருகாணி, எலும்பு இணைவு, உலோகச் சோர்வு.

முன்னுரை

இயந்திரம் ஒன்றில் பொருத்தப்படும் உறுப்பு பழுதுபட்டால் அதைக் கழற்றி மாற்றலாம். மனித முதுகில் பொருத்தப்பட்ட திருகாணி தளர்ந்தால் அதனை மாற்ற மற்றோர் அறுவை தேவைப்படும். முதல் அறுவையின் தழும்புத் திசுக்களைக் கடந்து, தண்டுவடத்திற்கும் நரம்பு வேர்களுக்கும் அருகில் செய்ய வேண்டிய இரண்டாம் அறுவை முதலாவதைவிடக் கடினமானது. ஆகவே இத்துறையில் ஒரு கருவி முதல்நாளில் எவ்வளவு சிறப்பாகப் பொருந்துகிறது என்பதைவிடப் பத்தாண்டுகளுக்குப் பின் எந்நிலையில் இருக்கிறது என்பதே முதன்மையான வினாவாகிறது. இவ்வினாவை முன்வைத்தே உள்வைப்புகளின் வரலாறு இங்கு நோக்கப்படுகிறது.

1. முதுகெலும்பின் அமைப்பும் உள்வைப்பின் பணியும்

கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசையும் தன்மை கொண்டவை. அவற்றின் கீழே இணைந்துபோன திரிக எலும்பும் வால் எலும்பும் உள்ளன. முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் சுமையை ஏற்றுப் பகிர்ந்தளிக்கின்றன. பின்புறத்தில் உள்ள சிறு மூட்டுகள் அசைவின் திசையையும் அளவையும் கட்டுப்படுத்துகின்றன. இவ்வமைப்பு தாங்குதல், அசைதல், தண்டுவடத்தைக் காத்தல் என்னும் மூன்று பணிகளையும் ஒருங்கே செய்கிறது.

உள்வைப்புக் கருவி இம்மூன்றில் ஒன்றை மீட்க முனையும்போது மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேர்கிறது. உறுதியாகப் பிணைத்தால் அசைவு போகிறது. அசைவைக் காத்தால் தேய்மானம் வருகிறது. மேலும், உலோகம் தன்னைத் தானே சீர்செய்துகொள்வதில்லை. எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கினார். உலோகத்திற்கு இத்திறன் இல்லை. மீண்டும் மீண்டும் வளைக்கப்படும் உலோகத்தில் நுண்பிளவு தோன்றி வளர்ந்து இறுதியில் முறிவு நேர்வதையே உலோகச் சோர்வு என்கிறோம்.

2. கம்பிக் கட்டும் எலும்பு ஒட்டும்

1891இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பெர்தோல்ட் ஹாட்ரா என்னும் மருத்துவர், முறிந்து விலகிய கழுத்து முள்ளெலும்புகளின் பின்முனைகளை உலோகக் கம்பியால் கட்டினார். முதுகெலும்பை உள்ளிருந்தே நிலைநிறுத்தும் முயற்சியின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. ஆனால் கம்பி எலும்புகளை அருகருகே பிடித்து வைத்ததேயன்றி அவற்றை ஒன்றாக்கவில்லை.

1911இல் நியூயார்க் நகரில் ரசல் ஹிப்ஸ், பிரெட் ஆல்பீ ஆகிய இருவரும் தனித்தனியே வேறொரு வழியைக் கண்டனர். ஹிப்ஸ் முள்ளெலும்புகளின் பின்பகுதியிலிருந்தே எலும்புச் சீவல்களைப் பெயர்த்து அண்டை எலும்பின்மீது படியச் செய்தார். ஆல்பீ கால் எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து முதுகில் பதித்தார். இரண்டிலும் முள்ளெலும்புகள் காலப்போக்கில் ஒரே எலும்பாக இணைந்தன. இருவரும் முதன்மையாக எதிர்கொண்ட நோய் முதுகெலும்புக் காசநோய். எலும்பு இணையும்வரை நோயாளி பல மாதங்கள் மாவுக்கட்டில் படுத்திருக்க வேண்டியிருந்தது. பலருக்கு இணைவு முழுமை பெறவும் இல்லை. கம்பி உடனே பிடித்தது, ஆனால் நிலைக்கவில்லை; எலும்பு நிலைத்தது, ஆனால் உடனே பிடிக்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றுசேர்ப்பதே அடுத்த அரை நூற்றாண்டின் பணியாயிற்று.

3. ஹாரிங்டன் தண்டு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் பணியாற்றிய பால் ஹாரிங்டன், போலியோவால் தசைகள் செயலிழந்து முதுகு பக்கவாட்டில் வளைந்த சிறார் பலரைச் சந்தித்தார். மூச்சுத் தசைகளும் வலுவிழந்திருந்ததால் அவர்களுக்கு இறுக்கமான மாவுக்கட்டு இடுவது ஆபத்தாக இருந்தது. வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கொக்கிகளை மாட்டி, அவற்றுக்கிடையே பற்கள் கொண்ட எஃகுத் தண்டைச் செலுத்திப் படிப்படியாக விரிக்கும் கருவியை அவர் உருவாக்கினார். இம்முறை பற்றிய அவரது கட்டுரை 1962இல் வெளிவந்தது.

தொடக்கத்தில் ஹாரிங்டன் எலும்பு இணைவைச் சேர்த்துச் செய்யவில்லை. அறுவை மேசையில் நிமிர்ந்த முதுகு சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மீண்டும் வளைந்தது, கொக்கிகள் விலகின, தண்டுகள் முறிந்தன. இதன் பின்னரே இணைவு அறுவையும் தண்டும் ஒருங்கே செய்யப்பட்டன. எலும்பு இணைவதற்கும் உலோகம் முறிவதற்கும் இடையே நடக்கும் ஓட்டப்பந்தயமாக இவ்வறுவையைக் காணும் பார்வை இவ்வனுபவத்திலிருந்தே துறையில் நிலைபெற்றது. எலும்பு முந்தினால் தண்டின் வேலை முடிந்துவிடுகிறது. உலோகம் முதலில் முறிந்தால் அறுவை தோற்கிறது.

மற்றொரு குறை மெதுவாகவே வெளிப்பட்டது. தண்டு இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் தள்ளியதால் இடுப்புப் பகுதியின் இயல்பான உள்வளைவும் சேர்ந்து தட்டையானது. இத்தகையோர் நடுவயதை எட்டியபோது உடல் முன்சாய்ந்து, நிமிர்ந்து நிற்பதற்கே முழங்காலை மடக்க வேண்டியவராயினர். முன்பின் படத்தில் நேராகத் தெரிந்த முதுகு பக்கவாட்டுத் தோற்றத்தில் சீர்கெட்டிருந்தது.

1970களில் மெக்சிகோவின் எட்வர்டோ லூக்கே ஒவ்வொரு முள்ளெலும்பையும் தனித்தனியே கம்பியால் தண்டோடு பிணைத்தார். சுமை பல இடங்களில் பகிரப்பட்டதால் மாவுக்கட்டின் தேவை குறைந்தது. எனினும் கம்பி தண்டுவடத்தை ஒட்டிச் செல்ல வேண்டியிருந்ததால் நரம்புச் சேதத்தின் அச்சம் கூடியது. 1980களின் முற்பகுதியில் பிரான்சின் இவ் கோத்ரெல், ழான் துபூசே ஆகியோர் இரு தண்டுகளையும் பல கொக்கிகளையும் கொண்டு வளைவை முப்பரிமாண நிலையில் திருத்தும் முறையை அறிமுகப்படுத்தினர். பக்கவளைவு என்பது ஒரு தளத்தின் கோணல் மட்டுமன்று, முள்ளெலும்புகளின் சுழற்சியும் சேர்ந்ததே என்னும் புரிதல் இதனால் கருவியின் வடிவிலேயே இடம்பெற்றது.

4. காம்புத் திருகாணி

முள்ளெலும்பின் பின்வளைவை முன்னுடலோடு இணைக்கும் இரு குறுகிய எலும்புப் பாலங்களைக் காம்பு எனலாம். மருத்துவர்கள் அதனைப் பெடிக்கிள் என்பர். இக்காம்பின் வழியே பின்னிருந்து முன்னோக்கிச் செலுத்தப்படும் திருகாணி முள்ளெலும்பை முழு ஆழத்திற்கும் பற்றுகிறது. கொக்கி எலும்பின் விளிம்பை மட்டுமே பிடிக்கும். திருகாணியோ எலும்பை எத்திசையிலும் நகர்த்தும் பிடிமானத்தைத் தருகிறது. பாரிஸ் நகரின் ரேமோன் ருவா-கமீய் 1963இல் காம்புத் திருகாணிகளைத் தகடுகளுடன் பயன்படுத்தத் தொடங்கி, 1970இல் அம்முறையை வெளியிட்டார். காம்பின் உட்புறம் தண்டுவட உறையும் கீழ்ப்புறம் நரம்பு வேரும் உள்ளமையால் சில மில்லிமீட்டர் பிழையும் கேடு தரவல்லது. இன்றைய கணினி வழிகாட்டிகளும் எந்திரக் கைகளும் இப்பிழையைக் குறைக்கவே உருவாக்கப்பட்டன.

இக்கருவியின் வரலாற்றில் சட்டத்திற்கும் இடமுண்டு. அமெரிக்காவில் நீண்ட எலும்புகளில் பயன்படுத்த அனுமதி பெற்ற திருகாணிகள் முதுகெலும்புக் காம்புகளில் பரவலாகச் செலுத்தப்பட்டன. 1990களில் பாதிக்கப்பட்டோர் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடர்ந்தனர். 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பழைய பதிவுகளைத் தொகுத்த ஆய்வு உள்ளிட்ட சான்றுகளை ஆராய்ந்தபின், உணவு மருந்து நிர்வாகம் 1998இல் குறிப்பிட்ட நோய்நிலைகளுக்கு இத்திருகாணிகளை இடைநிலை ஆபத்து வகுப்பில் சேர்த்தது. அனுமதி பெறும்போது நிர்வாகத்திடம் உண்மை மறைக்கப்பட்டது என்னும் அடிப்படையிலான வழக்கை மாநிலச் சட்டத்தின்கீழ் நடத்த இயலாது என்று 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று உலகெங்கும் அடிப்படைக் கருவியாக விளங்கும் ஒன்று, சான்று திரட்டப்படுவதற்கு முன்பே பரவிவிட்டது என்பது இங்கு கருதத்தக்கது.

5. இடைவட்டுக் கூடும் அதன் பொருளும்

பின்புறத் திருகாணிகள் பிடித்திருந்தாலும் உடற்சுமையின் பெரும்பகுதி முன்புறத்திலுள்ள முள்ளெலும்பு உடல்கள் வழியாகவே இறங்குகிறது. சிதைந்த வட்டை அகற்றி அவ்விடத்தில் எலும்புத் துண்டை வைத்தால் அது நசுங்கக்கூடும். இதற்கான தீர்வு குதிரை மருத்துவத்திலிருந்து வந்தது. கழுத்துத் தண்டுவடம் அழுத்தப்பட்டு நடை தள்ளாடும் குதிரைகளுக்கு, துளைகளிட்ட எஃகு உருளைக்குள் எலும்புத் துகளை நிரப்பிப் பதிக்கும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் பாக்பி கையாண்டார். உருளை சுமையைத் தாங்க, துளைகள் வழியே எலும்பு வளர்ந்தது. இதன் வழிவந்த மனிதருக்கான கூடு 1996இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

கூட்டின் பொருளும் முதன்மையானது. டைட்டானியக் கலவையின் மீள்மைக் குணகம் ஏறத்தாழ 110 கிகா பாஸ்கல். எலும்பினுடையது அதில் ஒரு சிறு பங்கே. மிகக் கடினமான கூடு மென்மையான எலும்புக்குள் அமிழக்கூடும். ஆகவே 4 கிகா பாஸ்கல் அளவில் உள்ள பீக் என்னும் நெகிழி பயன்பாட்டிற்கு வந்தது. ஊடுகதிர்ப் படத்தை அது மறைக்காததால் எலும்பு இணைவதைக் காணவும் முடிந்தது. ஆனால் பீக்கின் வழவழப்பான பரப்பில் எலும்பு எளிதில் ஒட்டுவதில்லை. இன்று முப்பரிமாண அச்சு முறையில் உருவாகும் நுண்துளை டைட்டானியக் கூடுகள், எலும்பு ஊடுருவும் பரப்பையும் குறைந்த விறைப்பையும் ஒருங்கே தர முயல்கின்றன.

6. அசைவைக் காக்கும் முயற்சி

இணைவு வெற்றி பெற்றாலும் அசைவிழந்த பகுதியின் மேலும் கீழும் உள்ள வட்டுகள் கூடுதல் அசைவை ஏற்க நேர்கிறது. இக்கவலையே செயற்கை வட்டுக்கு வழிவகுத்தது. 1960களில் சுவீடனின் உல்ஃப் பெர்ன்ஸ்ட்ரோம் வட்டின் இடத்தில் எஃகுக் குண்டுகளை வைத்தார். குண்டின் சுமை ஒரு சிறு பரப்பிலேயே குவிந்ததால் அது எலும்புக்குள் அமிழ்ந்தது. 1984இல் கிழக்கு பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் கூர்ட் ஷெல்நாக், காரின் பியூட்னர்-யான்ஸ் ஆகியோர் இரு உலோகத் தகடுகளுக்கிடையே நழுவும் நெகிழி உள்ளகம் கொண்ட வட்டைப் பொருத்தினர். பியூட்னர்-யான்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சீருடற்பயிற்சியில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றவர். தொடக்க வடிவங்களின் குறைகள் திருத்தப்பட்டபின் இவ்வட்டு 2004இல் அமெரிக்க அனுமதி பெற்றது. எனினும் 2007இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, 60 வயதைக் கடந்தோருக்கு இடுப்பு வட்டு மாற்றத்திற்கு நிதி வழங்க மறுத்தது. அனுமதி பெறுதலும் பயன் உறுதிப்படுதலும் வேறுவேறு என்பதை இது காட்டுகிறது.

7. வளரும் முதுகில் உள்வைப்பு

சிறு குழந்தையின் முதுகை முழுவதும் இணைத்துவிட்டால் மார்புக்கூடும் நுரையீரலும் வளர இடமின்றிப் போகும். எனவே நீட்டக்கூடிய தண்டுகள் பொருத்தப்பட்டன. அவற்றை நீட்ட ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கொரு முறை அறுவை வேண்டியிருந்தது. உடலுக்கு வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டப்படும் தண்டின் முதல் முடிவுகளை ஹாங்காங் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்டனர். மீளமீளக் கத்தி வைக்கும் துன்பத்தை இது நீக்கியது. ஆயினும் அகற்றப்பட்ட தண்டுகள் சிலவற்றைச் சுற்றியிருந்த திசுக்கள் டைட்டானியத் தேய்மானத் துகள்களால் கருத்திருந்தமை பின்னர் தெரியவந்தது. ஒரு துன்பத்தை நீக்கிய கருவியும் தனக்குரிய கண்காணிப்பைக் கோருகிறது.

8. சான்றும் பொறுப்பும்

ஆய்வகச் சோதனை ஓரளவே துணைசெய்யும். ஒரு முள்ளெலும்பு முற்றிலும் இல்லாததுபோல் இரு நெகிழிக் கட்டைகளுக்கிடையே திருகாணிகளையும் தண்டுகளையும் பொருத்தி, 50 இலட்சம் முறை சுமையேற்றிப் பார்ப்பது பன்னாட்டளவில் வழக்கிலுள்ள சோதனையாகும். நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவர் 50 இலட்சம் அடிகளை 1,000 நாட்களில் கடந்துவிடுவார் என்னும் ஒப்பீடு இவ்வெண்ணின் எல்லையை உணர்த்தும். அக்காலத்திற்குள் எலும்பு இணைந்துவிடும் என்னும் எதிர்பார்ப்பின் மீதே சோதனை நிற்கிறது.

வெளியிடப்பட்ட ஆய்வுகளும் ஏமாற்றக்கூடும். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதம் ஒன்று 2002இல் இடுப்பு முதுகு அறுவைக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. உற்பத்தியாளரின் ஆதரவுடன் வெளிவந்த 13 ஆய்வுகள் அப்புரதத்தால் விளைந்த தீங்கு எதையும் குறிப்பிடவில்லை என்பதை 2011இல் துறைசார் இதழொன்றின் மறுஆய்வு சுட்டிக்காட்டியது. 2013இல் மூலத் தரவுகளைத் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுக்களும் நோயாளியின் சொந்த எலும்பைவிட அப்புரதம் தெளிவான மேன்மை உடையது எனக் கண்டறியவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு சென்னையில் உண்டு. ஹிப்ஸும் ஆல்பீயும் எதிர்கொண்ட அதே முதுகெலும்புக் காசநோய்க்கு, நடமாடும் நோயாளிக்கு மருந்து மட்டும் தருவதையும் மருந்தோடு பெரிய அறுவை செய்வதையும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒப்பிட்டது. 1999இல் வெளியான பத்தாண்டு முடிவுகள், ஆய்வில் சேர்க்கப்பட்ட வகை நோயாளிகளுக்கு மருந்து மட்டுமே போதுமானதாக இருந்ததை உறுதிப்படுத்தின. தண்டுவடம் அழுத்தப்பட்டோருக்கும் பெருங்கூனல் உடையோருக்கும் அறுவையின் தேவை தொடர்கிறது. யாருக்கு உள்வைப்பு வேண்டாம் என்பதைப் பொறுமையுடன் நிறுவிய இவ்வாய்வு, ஒரு புதிய கருவிக்கு நிகரான மதிப்புடையது.

இந்தியாவில் மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017 என்பவை 2018 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின் பயன் மருத்துவரும் நோயாளியும் அளிக்கும் தகவலைப் பொறுத்ததே. தம் உடலில் பதிக்கப்பட்ட கருவியின் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவற்றை அறிந்து ஆவணத்தைப் பேணுதல் நோயாளியின் உரிமையும் பாதுகாப்பும் ஆகும்.

முடிவுரை

ஹாட்ராவின் கம்பி முதல் அச்சிடப்பட்ட நுண்துளைக் கூடு வரை வடிவமும் பொருளும் பெரிதும் மாறியுள்ளன. இணைவை நோக்கிய அறுவையின் அடிப்படை மாறவில்லை: உலோகம் தற்காலிகமாகத் தாங்குகிறது, நிலையான தீர்வை எலும்பே தருகிறது. இணைவைத் தவிர்க்கும் கருவிகளுக்கு இத்துணையும் இல்லையாதலால் அவை இன்னும் நீண்டகாலம் கண்காணிக்கப்பட வேண்டும். தட்டையான முதுகும் அமிழ்ந்த குண்டும் தேய்மானத் துகளும் அறுவை மேசையில் தெரிந்தவை அல்ல. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததால் தெரியவந்தவை. ஆகவே புதிய கருவி ஒன்றின் காப்புரிமையோ விற்பனை அனுமதியோ கண்டுபிடிப்பின் முடிவாகாது. அதனைத் தாங்கி வாழும் மனிதரின் பிற்கால நலம் பதிவாகும்போதுதான் அக்கண்டுபிடிப்பு நிறைவு பெறுகிறது.