படமும் பெயரும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றுள் அழுகை தோன்றும் இடங்களுள் ஒன்றாக வறுமையை வைத்தார். இளிவரலை வேறாக வைத்தார். பிறர் வறுமையைக் காண்பவன் நெஞ்சில் இரக்கமும் பிறக்கலாம். இழிவு நோக்கும் பிறக்கலாம். எது பிறக்கும் என்பது பெரிதும் காட்டுபவன் கையில் உள்ளது. வறியோர் குடியிருப்புகளைப் படம் பிடிப்போரைப் பற்றி எண்ணுந்தோறும் இந்த வேறுபாடே என் முன் வந்து நிற்கின்றது.

கண்டிக்குப் புகைப்படக் கருவி புதிதன்று. 1870களிலேயே சார்ள்ஸ் ஸ்கோவன் என்பார் இந்நகரில் படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் தேயிலை மலையெங்கும் பரவவே, கொழுந்துக் கூடையும் படங்களில் இடம்பெற்றது. அப்படங்கள் அஞ்சலட்டைகளாகிக் கடல் கடந்தன. அவற்றின் கீழே என்ன எழுதினார்கள்? ‘கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்’ என்று எழுதினார்கள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு. தாயும் தந்தையும் இட்ட பெயர். அது அட்டையில் ஏறவில்லை. பெயரை நீக்கிவிட்டால் மனிதர் இயற்கைக் காட்சியாகிவிடுகின்றனர். அந்தப் பெண் மாலையில் திரும்பிச் சென்ற லயமும், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவிலான காம்பராவும், அடுப்புப் புகை படிந்த இஸ்தோப்பும் வாங்குவோர் விரும்பிய காட்சிகள் அல்ல.

நியூயோர்க்கில் ஜேக்கப் ரீஸ் என்னும் பத்திரிகையாளர் அத்தகைய இருண்ட அறைகளுக்குள்ளேயே புகுந்தார். வெளிச்சப் பொடியைக் கொளுத்தி இரவிலே படம் எடுத்தார். 1890இல் அவர் வெளியிட்ட நூல் அந்நகரத்தாரை உலுக்கியது. மல்பெரி வளைவு என்னும் நெருக்கடி மிக்க சேரி அகற்றப்பட்டு, 1897இல் அங்கே பூங்கா திறக்கப்பட்டது. படத்தின் ஆற்றலுக்கு இது சான்று. ஆயினும் உறங்குவோரை வெளிச்சத்தால் திடுக்கிடச் செய்து எடுத்த படத்தில் அவர்தம் சம்மதம் எங்கே? பயன் பெரிதென்பதால் முறை நன்றாகிவிடாது.

நம் மலையக மக்களுடைய படத்தோடு பெயரும் சேர்ந்து பதிவான காலம் ஒன்று உண்டு. 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அதன்படி புறப்பட்டோருக்குக் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கடவுச்சீட்டு வழங்கியது. அதில் முகம் உண்டு; பெயரும் உண்டு. உழைத்த நாளிற் கேட்கப்படாத பெயர், போகும் நாளிற் கேட்கப்பட்டது! இதனை நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது.

இன்று பழைய லயங்கள் சில இடங்களில் அகன்று தனி வீடுகள் எழுகின்றன. மகிழத்தக்கதே. எஞ்சிய லயங்களையும், நகரைத் துப்புரவு செய்வோர் வாழும் மகியாவ போன்ற குடியிருப்புகளையும் படமெடுக்க இளைஞர் பலர் முன்வருதல் வேண்டும். என் மாணவருள் லயத்துப் பிள்ளைகள் பலர். அவர்களிடம் நான் சொல்வது இது: ஒழுகும் கூரையை மறைக்காதீர்கள், அது வழக்குக்குச் சாட்சி. ஆனால் கூரையின் கீழ் நிற்பவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். பெயரைக் கேட்டு, அவர் சொல்லியபடியே எழுதுங்கள். எடுத்த படத்தில் ஒரு பிரதியை அவர் கையிற் கொடுங்கள்.

பெருமிதமும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றே. தம் படத்தைத் தம் வீட்டுச் சுவரில் அவர் மாட்டுவாராயின், அந்தப் படம் நல்ல படம்.