ஒரு வினைச்சொல்லும் இரு மாவட்டங்களும்

மாவட்டப் பிரிவினை குறித்த ஆங்கிலச் செய்திகளில் தவறாமல் இடம்பெறும் வினைச்சொல் 'பைஃபர்கேட்'. லத்தீனில் 'பை' என்றால் இரண்டு. 'ஃபுர்கா' என்றால் கவைக்கோல். உணவு மேசையின் 'ஃபோர்க்'கும் இவ்வேரில் பிறந்ததே. ஆறு, சாலை, ரத்தக்குழாய் ஆகியவை இரண்டாகக் கிளைப்பதை இச்சொல் குறிக்கும். மரத்தின் கவையைப்போலக் கிளை இரண்டானாலும் அடிமரம் ஒன்றே.

நம் நிர்வாக ஆங்கிலமோ இதை வெட்டிப் பிரித்தல் என்றே வழங்குகிறது. 1995-இல் திருச்சியிலிருந்து கரூரும் பெரம்பலூரும் பிரிந்தது, துல்லியமாகச் சொன்னால், 'டிரைஃபர்கேட்', முக்கவை. பெரம்பலூரிலிருந்து 2001-இல் பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. ஒரே நிலத்தின் மீது ஒரே வினைச்சொல் இருமுறை!

பொருளியல் கற்பித்த எனக்கு அடிமரமே முக்கியமாகத் தெரிகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் பெரும்பாலும் அரியலூர் வசம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பெரம்பலூரின் பெயர் சொல்பவை. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின் சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் பங்களிப்பு, மாவட்டந்தோறும் அமைந்த கனிம அறக்கட்டளையைச் சேர்கிறது. எல்லைக்கோடு இவ்வாறு வருவாய்க்கோடாகவும் ஆயிற்று. ஆயினும், பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் தொகுதி, மக்களவைத் தேர்தலில் அரியலூரோடு சேர்ந்து சிதம்பரத்துக்கே வாக்களிக்கிறது. பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் இல்லை. அங்குள்ளோர் பலர் ரயிலேற இன்றும் அரியலூருக்குத்தான் வருகின்றனர்.